பந்தியை விட்டு எழுந்து போகிறவர்கள்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று திருநெல்வேலிச் சீமையில் ஏதேனும் ஒரு கிராமத்துக் கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தால், பிரசங்கம் முடிந்து காணிக்கையும் எடுத்தான பிறகு, குருவானவர் பீடத்தண்டை சென்று அப்பத்தட்டையும் பாத்திரத்தையும் மூடியிருக்கிற வெள்ளைத் துணியில் கை வைக்கும் சமயத்தில், சபையில் ஒரு பாகத்தார் சந்தடி செய்யாமல் எழுந்து, வேதப்புத்தகத்தையும் பாட்டுப்புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, பக்கவாசல் வழியாக வெளியேறுவதைக் காணலாம். திடப்படுத்தல் பெறாத பிள்ளைகள் போவது முறைமை; அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. நரைத்த தலையும் தேய்ந்த முழங்கால்களும் உடைய பெரியவர்கள் போகிறார்கள். "ஏன் ஐயா, இன்றைக்கு நற்கருணை எடுக்கவில்லையா?" என்று வாசலிலே கேட்டால், "வீட்டிலே ஒரு மனஸ்தாபம்; மனசு சுத்தமில்லாமல் எடுத்தால் ஆக்கினைக்கல்லவா ஏதுவாகும்" என்பார்கள். கேட்டவரும் தலையை அசைத்து ஒப்புக்கொள்வார். பயபக்தியுள்ள மனுஷன், தன்னைத்தானே சோதித்துப் பார்க்கிறவன் என்ற நல்ல பெயரும் போகிறவருக்கு உண்டாகிறது.

அந்த நல்ல பெயரைத்தான் நான் மறுக்கிறேன். பாவ உணர்வு வந்தவன் திருப்பந்தியை விட்டு விலகி நிற்பதே பக்தி என்றும், அப்படி விலகுவதே ஆத்தும பரிசோதனையின் கனி என்றும் நம் சபைகளில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிப்போன அபிப்பிராயம், வேதத்துக்கும் விரோதமானது, ஆதிச்சபையின் வழக்கத்துக்கும் விரோதமானது; எல்லாவற்றிலும் மேலாக, எந்தப் பாவத்துக்கு அஞ்சி விலகுகிறோமோ அந்தப் பாவத்தைச் சேதமில்லாமல் பாதுகாத்து வைப்பதற்கு மனுஷ இருதயம் கண்டுபிடித்த உபாயங்களில் இதைப்போல மரியாதையான உபாயம் வேறொன்றில்லை என்பது என் துணிபு.

இதை நான் புஸ்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. என் அத்தையிடமிருந்து கற்றுக்கொண்டேன். என் தகப்பனாருக்கு மூத்தவளான அவள் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். பாகப்பிரிவினையின்போது வரப்பின் மேல் நின்ற ஐந்து பனைகள் யாருடையவை என்பதில் அவளுக்கும் அவளுடைய ஓரகத்திக்கும் தகராறு உண்டாகி, பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. அது முதற்கொண்டு அத்தை நற்கருணை எடுக்கவில்லை. லீவு நாட்களில் நான் அங்கே போயிருக்கும்போதெல்லாம், நானும் திடப்படுத்தல் பெறாதவனாகையால், முதல் ஞாயிறு தோறும் அவளோடு கூட வெளியே வந்து கோயில் வளவுக்குள் நின்ற வேப்பமரத்தின் கீழ் கிடந்த கல்லில் உட்காருவேன். அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு கண்களை மூடிக்கொள்வாள். ஜன்னல் வழியாகக் குருவானவருடைய குரல் கேட்கும். பாவ அறிக்கையின் ஜெபம் வரும்போது அவள் உதடுகள் அசையும். ஸ்தோத்திர ஜெபம் முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் கூடவே சொல்லிக்கொண்டு போவாள். சபையார் முழங்காற்படியிட வரிசையாகப் போகிற காலடிச் சத்தம் தொடங்கியதும் அந்த உதடுகள் நின்றுவிடும். அவ்வளவு பசியோடு ஒரு மனுஷி பந்திக்கு வெளியே உட்கார்ந்திருந்ததை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. ஆகையால் இப்படி விலகுகிறவர்களை அலட்சியக்காரரென்று நான் சொல்லமாட்டேன். சபையிலே மிகவும் கருத்துள்ளவர்களே பெரும்பாலும் இந்தத் தப்பிதத்தில் அகப்படுகிறார்கள் என்பதனாலேயே எனக்கு இவ்வளவு வருத்தம்.

இந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமாக எல்லாரும் எடுத்துக் காட்டுவது கொரிந்தியருக்குப் பவுல் எழுதின முதலாம் நிருபத்தின் பதினோராம் அதிகாரம். அதிலும் ஒரே ஒரு சொல்லின் மேல் கட்டடம் முழுவதும் நிற்கிறது; அபாத்திரமாய் என்பது அந்தச் சொல். பாத்திரம் என்ற சொல் நம் பாஷையில் இரண்டு வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சோறு பொங்குகிற பாண்டமும் பாத்திரம். ஈகையைப் பெறுவதற்குத் தகுதியான ஆளும் பாத்திரம். பாத்திரமறிந்து பிச்சையிடு என்று பழமொழி கேட்டு வளர்ந்த செவியில் அபாத்திரம் என்ற ஒலி விழுந்த மாத்திரத்தில், தகுதியற்ற ஆள் என்ற அர்த்தம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது. நானோ தகுதியற்றவன், ஆகவே எனக்குப் பந்தியில்லை என்ற முடிவுக்கு ஏழைச் சனங்கள் ஒரே எட்டில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அப்போஸ்தலன் எழுதின கிரேக்கச் சொல் ஒரு வினையடை. நம் மொழிபெயர்ப்பாளரும் அதை அறிந்தே ஆய் என்ற உருபைச் சேர்த்தார்கள். அது புசிக்கிற ஆளின் யோக்கியதையைக் குறித்துப் பேசவில்லை, புசிக்கிற விதத்தைக் குறித்துப் பேசுகிறது. யோக்கியமுள்ளவர்களுக்கென்று விரிக்கப்பட்ட பந்தியாக அது இருக்குமானால், முதல் பந்தியிலேயே ஒருவனுக்கும் இலை போட்டிருக்க முடியாது. சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலிக்கப்போகிறவன் அங்கே இருந்தான், விடிவதற்குள் ஓடிப்போகப்போகிறவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். காட்டிக்கொடுக்கிறவனுடைய கையும் அந்தப் பந்தியின் மேல் இருந்ததாக லூக்கா எழுதுகிறார்.

கொரிந்தியர் புசித்த விதந்தான் என்ன? இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே வியாபாரத்தால் கொழுத்த பட்டணம் அது. சபை கூடினது வசதியுள்ள ஒருவருடைய வீட்டில். வேலையில்லாத செல்வர் முன்னதாகவே வந்து, கொண்டுவந்ததைத் தாங்களே தின்று குடித்து முடித்துவிட, பொழுது சாய்ந்த பின் எசமானன் விட்டால்தான் வரக்கூடிய அடிமையும் கூலியாளும் வெறும் வயிற்றோடு வந்து வெறும் தட்டைப் பார்த்து நின்றார்கள். ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்பதுதான் பவுலின் குற்றச்சாட்டு. அந்தரங்க பாவத்தின் அட்டவணை எதுவும் அந்தப் பகுதியில் இல்லை. கடைசியில் அவர் சொல்லும் பரிகாரத்தையும் பாருங்கள்: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். எழுந்து வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லவேயில்லை. தன்னைச் சோதித்தறிய வேண்டும் என்று கட்டளையிடுகிற அதே வாக்கியத்தில், சோதித்து அறிந்தவன் புசிக்கட்டும், பானம்பண்ணட்டும் என்றே முடிக்கிறார். அவர் அங்கே உபயோகிக்கிற கிரேக்க வினைச்சொல், உலோகத்தின் மாற்றுப் பார்ப்பதற்கும் வழங்கினது. தட்டான் உரைகல்லில் தங்கத்தை உரைப்பது அதைத் தெருவில் எறிவதற்காக அல்லவே. வாக்கியத்தின் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பிற்பாதியைக் கைவிட்டதிலிருந்தே இந்தத் தவறு முழுவதும் பிறந்தது.

பவுல் கண்டித்த அந்த மெய்யான அபாத்திரம் நம் தேசத்துக்கு வராமல் போகவில்லை. வந்தபோது ஒருவரும் அதற்கு அஞ்சி எழுந்து போகவில்லை என்பதுதான் துக்கமான சரித்திரம். தஞ்சாவூரிலும் சென்னையிலும் பழைய மிஷன் சபைகளில் சாதிப்படி தனித்தனியே உட்கார்ந்து, உயர்ந்தவரெனப்பட்டவர் முந்தியும் மற்றவர் பிந்தியும் பாத்திரத்தண்டை வருகிற வழக்கம் நெடுங்காலம் நடந்தது. 1833ஆம் வருஷத்தில் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன், இந்த வித்தியாசம் சபையை விட்டு அடியோடு ஒழிய வேண்டும், எல்லாரும் வேற்றுமையின்றிக் கர்த்தருடைய பந்திக்கு வரவேண்டும் என்று நிருபம் அனுப்பினபோது, சபையை விட்டே விலகினவர்கள் பலர். வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் கட்டின ஆலயமோ, இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பீடத்தை மட்டும் பார்க்கும்படியாக, இரண்டு கால்களைப்போல இரண்டு நடுக்கூடங்கள் பீடத்தண்டையில் வந்து கூடுமாறு அமைந்தது. அந்தக் கூடங்களில் முழங்காற்படியிட்டவர்களுக்கும் தங்கள் தங்கள் மனச்சாட்சி உண்டு. உபவாசம் முறித்ததையும் கோபத்தில் சொன்ன வார்த்தையையும் அவர்கள் நிச்சயமாக எண்ணிப் பார்த்திருப்பார்கள். நடுவில் நின்ற சுவரை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? சிறு குற்றங்களுக்கு அஞ்சிப் பந்தியை விட்டு ஓடுகிற பழக்கமும், பெருங்குற்றத்தோடு பந்தியில் அமருகிற பழக்கமும் ஒரே சபையில் கூடிக் குடியிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இது ஏன் இப்படி நேரிட்டது என்று பல காலம் யோசித்திருக்கிறேன். நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றபோது விக்கிரகங்களை விட்டார்கள். தீட்டு என்கிற எண்ணத்தை விடவில்லை என்பதே எனக்குத் தோன்றுகிற விடை. நாம் பாவம் என்று வாயினால் சொல்லிக்கொண்டு, உள்ளே தீட்டு என்று எண்ணுகிறோம். இரண்டுக்கும் உள்ள பேதமோ வானத்துக்கும் பூமிக்கும் உள்ள பேதம். தீட்டுக்கு நாள் கணக்கு உண்டு. சாவு வீட்டுக்குப் பதினாறு என்றால் பதினாறாம் நாள் தானாகத் தீரும். அதுவரையில் ஒதுங்கி நிற்பதொன்றே தீட்டுப்பட்டவன் செய்ய வேண்டிய காரியம். சுத்தமானதைத் தொடாதிருப்பதே அவனுடைய தர்மம். பாவத்துக்கு அப்படி நாள் கணக்கு இல்லை. பதினாறு நாள் ஒதுங்கினாலும் பதினாறு வருஷம் ஒதுங்கினாலும் அது ஒரு அணுவும் குறையாது, வேர் விட்டுத் தடிக்கும். தீட்டு ஒதுங்குவதால் தீர்கிறது, பாவமோ கிட்ட வருவதால் தீர்கிறது. தொடக்கூடாதவன் என்று ஊருக்கு வெளியே நின்ற குஷ்டரோகியை ஆண்டவர் தொட்டார்; தொட்டவர் தீட்டுப்படவில்லை, தொடப்பட்டவன் சுத்தமானான். சுவிசேஷம் முழுவதும் இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது; நாமோ ஞாயிறுதோறும் அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, பந்தி நேரம் வந்ததும் பழையபடி ஊருக்கு வெளியே போய் நின்றுகொள்ளுகிறோம்.

நான் சொல்லுவது மிகையென்று எண்ணுகிறவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்கட்டும். மாதவிலக்கு நாட்களில் நற்கருணை எடுக்கலாகாது என்று தாயார் சொல்லி வைத்ததை வேதவாக்கியமாகக் கைக்கொண்டு விலகுகிற பெண்கள் நம் சபைகளில் உண்டு. இதில் என்ன பாவம் இருக்கிறது? மனந்திரும்ப வேண்டிய காரியம் எது? சரீரத்தின் இயல்பைப் பாவத்தோடு ஒரே பட்டியலில் எழுதுகிறவர்கள், அந்தப் பட்டியலுக்குத் தீட்டு என்று தலைப்பிட்டிருக்கிறார்களேயல்லாமல் பாவம் என்று இட்டிருக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் உதிரம் ஊறின ஸ்திரீ கூட்டத்துக்குள் புகுந்து ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, மகளே என்று அழைத்தார். இங்கிலாந்தில் ஊழியம் செய்த அகஸ்தீனுக்கு ரோமாபுரியின் பெரிய கிரகோரியார் எழுதின மறுமொழிகளாகப் பீட் என்பவர் தம் திருச்சபைச் சரித்திரத்தில் சேர்த்திருப்பவற்றில், மாதவிலக்கு நாட்களில் ஒரு ஸ்திரீ நற்கருணை பெற வந்தால் அவளைத் தடுக்கலாகாது என்று தெளிவாகவே இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன்னே தீர்ந்துபோன கேள்வி நம் அடுப்பங்கரையில் மட்டும் இன்னும் தீரவில்லை.

சபையின் நெடிய சரித்திரத்தில் இந்தப் பயம் பல வேஷங்களில் வந்து போயிருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் முடிவில் யோவான் கிறிசோஸ்தம், பீடத்தண்டை வருவாரில்லையே என்று புலம்பினார். அசுத்த மனச்சாட்சியோடு வருவதை அவரும் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆனால் பந்திக்குத் தகுதியில்லையென்று நிற்கிறவன் ஜெபத்துக்கு மட்டும் எப்படித் தகுதியானான் என்று அவர் கேட்கிற கேள்வி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த என் அத்தையை நினைக்கும்போதெல்லாம் என் செவியில் விழுகிறது. 1215இல் கூடின நான்காம் லாத்தரன் சங்கம், வருஷத்துக்கு ஒரு தரமாவது பாஸ்குக் காலத்தில் நற்கருணை பெற வேண்டும் என்று சட்டம் செய்ய வேண்டியதாயிற்றென்றால், அதற்குள்ளாகச் சனங்கள் எவ்வளவு தூரம் விலகிப் போயிருப்பார்கள்! 1643இல் பிரான்சு தேசத்து அர்னோ, அடிக்கடி நற்கருணை பெறுவதைக் குறித்து ஒரு பெரிய நூல் எழுதி விலகலையே தவமாக உயர்த்தினார்; அவர் வழி வந்த கண்டிப்பு கத்தோலிக்கரிடையே நெடுங்காலம் நின்றது; கடைசியில் 1905 டிசம்பரில் பத்தாம் பத்திநாதர் பிறப்பித்த ஆணை, சாவான பாவமின்றி நேர்மையான கருத்தோடு வருகிற எவரையும் தடுக்கலாகாது என்று தீர்த்தது. சீர்திருத்தச் சபையாரிடத்திலும் இதே கதைதான். ஜான் வெஸ்லி, இடைவிடாமல் நற்கருணை பெறுவது கடமையென்று செய்த பிரசங்கத்தில், நான் தகுதியற்றவன் என்ற சாக்கையே முதலாவதாக எடுத்து, தகுதியற்றவர்களுக்கல்லாமல் இரக்கம் வேறு யாருக்கு என்ற விதமாக அதை மடக்குகிறார்.

இவ்வளவு தூரமும் போவானேன்? நம் பாட்டன்மார் கையிலே வைத்திருந்த 1662ஆம் வருஷத்து ஜெபப்புத்தகத்தில், நற்கருணைக்கு வர அசட்டையாயிருக்கிற சபையாருக்கென்று ஒரு புத்திமதி இருக்கிறது. ஒருவர் விருந்து சமைத்து, பந்தியை அலங்கரித்து, எல்லாம் ஆயத்தமான பின்பு அழைக்கப்பட்டவர்கள் காரணமில்லாமல் வர மறுத்தால், அவருக்கு எவ்வளவு மனத்தாங்கல் உண்டாகும் என்று அது கேட்கிறது; நான் கொடிய பாவி, அதனால் வர அஞ்சுகிறேன் என்று சொல்லுகிறவனைப் பார்த்து, அப்படியானால் ஏன் மனந்திரும்பாமலிருக்கிறாய் என்று திருப்பிக் கேட்கிறது. அந்தப் புத்திமதியை இப்பொழுது வாசிப்பார் அருமை.

விருந்து என்று சொன்னதும் நம்மவருக்கே உரிய ஒரு பேச்சு நினைவுக்கு வருகிறது. தமிழன் ஒருவன் மற்றவனோடு தீராப் பகை கொண்டதை எப்படித் தெரிவிக்கிறான்? அவன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்கிறான். கலியாண வீட்டுக்கு வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போகிறவனைப் பார்த்து ஊரெல்லாம் உணர்ந்துகொள்ளும், இவனுக்கு மனம் ஆறவில்லையென்று. அப்படியே பகை தீர்ந்ததற்கும் எழுத்தோ சாட்சியோ கேட்பதில்லை. இலையில் உட்கார்ந்து ஒரு கவளம் உண்டால் தீர்ந்தது. இவ்வளவு தெளிவான பாஷையைத் தாய்ப்பாலோடு கற்றுக்கொண்ட நாம், ஆண்டவர் இலை போட்டு அழைக்கும்போது எழுந்து வெளியே போவதைப் பணிவு என்று எப்படிச் சொல்லுகிறோம்? ஓரகத்தியோடு பேசாதிருந்தவள் ஓரகத்தி வீட்டில் கை நனைக்காதிருந்தாள், அது புரிகிறது. ஆனால் அதன் காரணமாக ஆண்டவர் வீட்டிலும் கை நனைக்கமாட்டேன் என்றிருந்தாளே, அது யாரோடு செய்த பகை? கால்களைக் கழுவ வந்த எஜமானைப் பேதுரு தடுத்ததும் பணிவினால்தான். அந்தப் பணிவை ஆண்டவர் மெச்சிக்கொள்ளவில்லை. கழுவப்பட மறுத்தால் தம்மோடு பங்கில்லை என்று கடுமையாகவே சொன்னார்.

பவுல் அதே அதிகாரத்தில், அநேகர் வியாதிப்பட்டதும் சிலர் மரித்ததும் இதனால்தான் என்று எழுதவில்லையா, அந்தப் பயம் வீண் பயமா என்று கேட்பார்கள். வீண் பயமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மூச்சிலேயே அவர் சொல்லுகிற பரிகாரம், நம்மை நாமே நிதானித்து அறிந்தால் நியாயந்தீர்க்கப்படமாட்டோம் என்பது. எழுந்து போகிறவன் தன்னை நிதானிக்கவில்லை; நிதானிக்க வேண்டிய இடத்தை விட்டுத் தப்பிப் போகிறான். ஆதிச்சபை பாவிகளைப் பந்திக்குப் புறம்பாக்கி வைத்ததில்லையா என்றும் கேட்கலாம். வைத்தது உண்மை. தெசலோனிக்கேயில் தியோதோசியு சக்கரவர்த்தி செய்வித்த படுகொலைக்காக 390ஆம் வருஷத்தில் மிலான் அத்தியட்சர் அம்புரோசு அவருக்குப் பந்தியை மறுத்தார். ஆனால் அந்த மறுப்புக்கு ஒரு முடிவு இருந்தது; சக்கரவர்த்தி சபை நடுவே தவசுபண்ணி, சேர்த்துக்கொள்ளப்பட்டார். 325இல் நிக்கேயாவில் கூடின சங்கம், பலவந்தமின்றியே விசுவாசத்தை மறுதலித்தவர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் என்று விதித்தது. அதிலும் கேட்போராய் மூன்று, தாழவிழுவோராய் ஏழு, ஜெபத்தில் மட்டும் சேருவோராய் இரண்டு என்று படிப்படியாக உள்ளே வரும் வழியை அளந்து வைத்தது. சாகிற தறுவாயில் கேட்கிற எவனுக்கும் கடைசி வழியுணவை மறுக்கலாகாது என்றும் அதே சங்கம் தீர்த்தது. சபை விலக்கினவனுக்குத் திரும்பி வருகிற வழி உண்டு, நாளும் உண்டு. தன்னைத்தானே விலக்கிக்கொண்டவனுக்கு இரண்டும் இல்லை. தானே குற்றவாளி, தானே நீதிபதி, தண்டனைக் காலம் எப்போது முடியும் என்று கேட்பதற்கும் ஆளில்லை.

அப்படியானால் எப்படியும் போய் எடுக்கலாம், சோதனை தேவையில்லை என்று சொல்லுகிறாயா என்றால், அதைவிடப் பெரிய அபத்தத்தை நான் சொல்லத் துணியமாட்டேன். வட்டிக்கு விட்டு ஏழையின் நகையை மூழ்கடித்தவனும், மருமகளின் கழுத்தைப் பார்த்துப் பார்த்து அழவைக்கிறவளும், சபைத் தேர்தலில் பொய் எழுதினவனும் முன்வரிசையில் முழங்காற்படியிடுவதை நானும் கண்டிருக்கிறேன். அவர்களுக்குச் சோதனை வேண்டும். ஆனால் மெய்யான சோதனை எப்படிப்பட்டது? நான் பாவி, நான் புழு என்று பொதுவாகச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொள்வது சோதனையல்ல. அது எவருக்கும் வலிக்காத வார்த்தை. இன்னாருக்கு இன்ன கிழமையில் இன்ன அநியாயம் செய்தேன், அதைச் சரிக்கட்ட இன்னது கொடுக்க வேண்டும் என்று பெயரும் தொகையும் வருகிறவரைக்கும் சோதனை தொடங்கவில்லை. லொயோலா இஞ்ஞாசியார் தம்முடைய ஆன்மிகப் பயிற்சிகளில் கற்பித்த ஆத்துமசோதனையின் முதற்படி, குற்றங்களை எண்ணுவதன்று, பெற்ற நன்மைகளுக்கு நன்றி செலுத்துவது. கிருபையின் வெளிச்சத்திலல்லாமல் குற்றத்தைக் காண முடியாது என்பதை அந்த மனிதர் அறிந்திருந்தார். சகேயுவின் சரித்திரமும் இந்த ஒழுங்கிலேயே நடக்கிறது. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுத்த பின்பு வருகிறேன் என்று ஆண்டவர் சொல்லியிருந்தால், அவன் அந்தக் காட்டத்தி மரத்திலேயே இருந்திருப்பான். இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். அவர் வந்து தங்கின அந்த வீட்டில்தான் பெயரும் தொகையும் வெளிவந்தன.

என் அத்தையின் கதையை நான் முடிக்கவில்லை. அவள் படுத்த படுக்கையாகி, இனி எழுந்திருக்கமாட்டாள் என்று தெரிந்தபோது, குருவானவர் வியாதியஸ்தருக்குரிய நற்கருணைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் எனக்கு மீசை முளைத்திருந்தது. பெட்டியைத் தாங்கிப் பிடிக்கிற வேலை எனக்கு. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெள்ளிப் பாத்திரமும், ரூபாய் அகலத்தில் ஒரு தட்டும், நாலாக மடித்த துணியும் அதில் இருந்தன. ஐயா துணியை விரித்தார். அத்தை தலையை அசைத்து, "நான் பாத்திரமில்லே, ஐயா" என்றாள். "உங்க ஓரகத்தியம்மாவைக் கூப்பிட்டு அனுப்பட்டுமா, பாட்டி?" என்று அவர் கேட்டார். வெகு நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "அவ முதல்ல வரட்டும்" என்றாள்.

அந்த மூன்று வார்த்தைகளில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. இத்தனை வருஷமும் வேப்பமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு அவள் காத்து வந்தது பந்தியின் பரிசுத்தத்தையல்ல. ஐந்து பனைகளின் வழக்கைக் காத்து வந்தாள். பந்திக்குப் போயிருந்தால் வழக்கைக் கைவிட வேண்டியிருக்கும்; விலகியிருந்ததனால் வழக்கும் நின்றது, பக்தியுள்ளவள் என்ற பெயரும் நின்றது. அந்தப் பனைகளில் இரண்டு புயலில் விழுந்து, மூன்று வீட்டு விட்டங்களாக அறுபட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. அவளைக் குற்றப்படுத்த எனக்கு மனமில்லை, நல்லவள், எனக்குக் கருப்பட்டியும் பொரிவிளங்காயும் முந்தானையில் முடிந்து வைத்துத் தந்தவள். அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்த எங்களைத்தான் நான் குற்றப்படுத்துகிறேன். முதல் ஞாயிறு தோறும் அவள் எழுந்து போனபோது தலையை அசைத்து மெச்சின சபையைக் குற்றப்படுத்துகிறேன். ஐயா துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினபோது எழுந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முந்திப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்ற கட்டளையை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லுகிறார்கள்; பின்பு திரும்பி வந்து அந்தக் காணிக்கையைச் செலுத்த வேண்டும் என்று அந்தக் கட்டளை முடிவதை மறந்துவிடுகிறார்கள். முன்னே ஒரு கட்டளை, பின்னே ஒரு கட்டளை. நடுவில் இருப்பது போகிற பயணம் மட்டுமே. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபின், 1950இல் அது ஏற்படுத்தின நற்கருணை முறைமையில், ஆதிச்சபையார் பந்திக்கு முன்னே கொடுத்துக்கொண்ட சமாதான முத்தத்தைக் கைகளால் கொடுக்கும் சமாதானமாக மீண்டும் கொண்டுவந்து வைத்தார்கள். கொடுக்கிறவர் தம் வலது உள்ளங்கையை வாங்குகிறவருடைய வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடது கையால் மற்றவர் கையைப் பொத்திப் பிடிக்கிறார்கள். அது பீடத்திலிருந்து புறப்பட்டு வரிசை வரிசையாக ஆள் மாறி ஆள் கை மாறிக் கடைசி வரிசை வரைக்கும் வருகிறது. அப்பமும் ரசமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இதைவிடத் தெளிவாகச் சபை என்ன சொல்ல முடியும்? எழுந்து போகிறவர் அந்தக் கையைத் தப்பித்துக்கொண்டு போகிறார்.

முதல் ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலையில் ஆயத்த ஆராதனை நடக்கிறது. என் அத்தை வீட்டு முற்றத்துக்கும் அவளுடைய ஓரகத்தி வீட்டு முற்றத்துக்கும் நடுவில் ஒரு கிணறும் ஒரு முருங்கை மரமுந்தான் இருந்தன. அந்த ஆராதனைக்குப் போகிறவர்கள் வீட்டுக்குத் திரும்பும்போது, வழக்கமான தெருவை விட்டு, இத்தனை நாளும் சுற்றிப் போன அந்தத் தெரு வழியாகத் திரும்பட்டும். கதவைத் தட்டி, திண்ணையில் உட்கார்ந்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கட்டும்.